திரும்பத் திரும்ப வீங்கும் கன்னம்: குழந்தைகளில் ஷோக்ரென் நோயை அறிவது எப்படி?

பிள்ளைக்குக் கன்னம் வீங்கிவிட்டால் நம் வீடுகளில் யாரும் அதிகம் யோசிப்பதில்லை. பொன்னுக்கு வீங்கி என்று முடிவு செய்து, கழுத்தில் ஒரு தங்கச் சங்கிலியைப் போட்டுவிடுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பற்றுப் போடுவார்கள். பள்ளிக்கு லீவு சொல்லிவிடுவார்கள். மருத்துவரும் பெரும்பாலும் அதையே சொல்லிப் பாராசிட்டமால் எழுதிக் கொடுப்பார். ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வடிந்துவிடும். இந்த ஊகம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆறு மாதம் கழித்து அதே கன்னம் மறுபடி வீங்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பொன்னுக்கு வீங்கி வைரஸ் ஒருமுறை வந்துபோனால் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்கத் தடுப்பாற்றல் நிலைத்துவிடும். இரண்டாம் முறை வருவது அரிது. மூன்றாம் முறை, நான்காம் முறை என்பதற்கு அந்த வைரஸின் மேல் பழி போடவே முடியாது. ஆனால் "போன தடவை சரியா வந்து இறங்கல, அதான் திரும்ப வந்திருக்கு" என்று பாட்டி சொல்ல, அதை வீடு ஏற்றுக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் வேறு வேறு மருத்துவரிடம் போவதால் அவரவர் பார்ப்பது ஒரேயொரு வீக்கத்தை மட்டுமே. அது எத்தனையாவது வீக்கம் என்ற எண்ணிக்கை யாருடைய சீட்டிலும் ஏறுவதில்லை. குழந்தைகளின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் தன்னுடல் தாக்குநோயான ஷோக்ரென் நோய் பல ஆண்டுகள் கண்ணில் படாமல் போவது இந்த இடைவெளியில்தான்.

தமிழ்நாட்டில் இந்தக் குழப்பத்துக்குத் தனிக் காரணம் ஒன்றும் உண்டு. இந்திய அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும் ஊசி உண்டு. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா இயக்கம் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. பொன்னுக்கு வீங்கியையும் சேர்த்துத் தடுக்கும் எம்எம்ஆர் ஊசியை இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் பரிந்துரைத்தாலும், அது தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்துப் போடுகிற ஊசியாகவே இருந்துவருகிறது. இலங்கையோ 2011 முதல் எம்எம்ஆரைத் தேசியத் திட்டத்திலேயே சேர்த்துவிட்டது. நம் ஊரில் வைரஸ் சுற்றிக்கொண்டே இருப்பதால் வீங்கிய கன்னத்தைப் பார்த்ததும் முதலில் அதை நினைப்பதில் தவறில்லை. அந்த முதல் நினைப்பே இரண்டாம், மூன்றாம் முறைக்கும் கடைசி முடிவாகிவிடுவதுதான் தவறு.

ஷோக்ரென் நோய் என்றால் மருத்துவக் கல்லூரியில் படித்த யாருக்கும் உடனே நினைவுக்கு வருவது நடுத்தர வயதுப் பெண், உலர்ந்த கண், உலர்ந்த வாய். அந்தப் பிம்பம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் குழந்தைகள் ஏன் அதில் இல்லை என்பது விளங்கும். ஹென்ரிக் ஷோக்ரென் சுவீடனைச் சேர்ந்த கண் மருத்துவர். 1933இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் அவர் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, கண்ணீர் வற்றிக் கருவிழி சிதைந்த 19 பெண்களைப் பற்றியது. அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. கண்ணும் வாயும் மூட்டும் ஒரே நோயின் உறுப்புகள் என்று அவர் வாதிட்டார். தேர்வாளர்கள் அந்த ஆய்வேட்டை மெச்சவில்லை. பல்கலைக்கழக ஆசிரியப் பணிக்கு வேண்டிய தரம் அதற்குக் கிடைக்கவில்லை. ஜெர்மன் மொழியில் இருந்த அந்த நூலை 1943இல் புரூஸ் ஹாமில்டன் என்ற ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் ஆங்கிலத்தில் பெயர்த்த பிறகே உலகம் அதைக் கவனித்தது.

வீக்கத்தின் கதை வேறு வழியாக வந்தது. 1888இல் கோனிக்ஸ்பெர்க் நகரில் யோஹான் மிக்குலிட்ஸ் என்ற அறுவை மருத்துவர், 42 வயது விவசாயி ஒருவரைப் பற்றிச் சக மருத்துவர்களுக்கு எடுத்துரைத்தார். அந்த மனிதரின் கண்ணீர்ச் சுரப்பிகளும் உமிழ்நீர்ச் சுரப்பிகளும் இருபுறமும் வலியில்லாமல் பெருத்திருந்தன. வெகுகாலம் இவை இரண்டும் தனித்தனி நோய்கள் என்றே எண்ணப்பட்டன. 1953இல் மார்கன், காசில்மன் என்ற இரண்டு அமெரிக்க நோய்க்கூறியல் வல்லுநர்கள் நுண்ணோக்கியில் இரண்டு திசுக்களையும் ஒப்பிட்டு, ஒன்றே என்றார்கள். பிற்காலத்தில் ஐஜிஜி4 நோய் என்ற புதிய வகை அடையாளம் காணப்பட்டதும், மிக்குலிட்ஸ் விவரித்த நோய் அதற்குள் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது உலர்ச்சியை நடுவில் வைத்து எழுதப்பட்ட ஷோக்ரென் நோய். ஒரு கண் மருத்துவர், தன்னிடம் கண் எரிச்சலோடு வந்த பெரிய வயதுப் பெண்களைப் பார்த்து வரைந்த சித்திரம் அது. அவர் பார்த்தது முற்றிலும் உண்மை. ஆனால் அது நோயின் பிற்பகுதி.

இந்த நோயில் நடப்பது என்ன? சுரப்பியின் குழாய்களை வேய்ந்திருக்கும் எபிதீலியச் செல்கள் தாமே அபாய அறிவிப்பு எழுப்பி நோயெதிர்ப்புச் செல்களை உள்ளே இழுக்கின்றன. இதனால்தான் கிரேக்க மருத்துவர் மௌட்ஸொபௌலஸ் 1994இல் இதை எபிதீலியத்தின் அழற்சி நோய் என்றே பெயரிட்டு அழைக்கலாம் என்று எழுதினார். வந்து சேரும் லிம்போசைட்டுகள் குழாய்களைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகக் குடியேறுகின்றன. அங்கேயே ரோ, லா என்ற உடலின் சொந்தப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களும் உருவாகின்றன. இந்தக் குடியேற்றம் மெதுவாக, ஆண்டுக்கணக்கில் நடப்பது. சுவீடனின் மால்மோ நகரில் பழைய ரத்த மாதிரிகளைத் தோண்டி எடுத்துப் பார்த்தபோது, நோய் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே சிலரின் ரத்தத்தில் இந்த எதிர்ப்பொருள்கள் இருந்தது தெரியவந்தது.

ஊற்றுக்கண் அடைபடத் தொடங்கிய கிணற்றிலும் கொஞ்ச காலம் தண்ணீர் நின்றுகொண்டுதான் இருக்கும். சிறு பிள்ளையின் சுரப்பிகளில் கையிருப்பு அதிகம். அழற்சி தொடங்கிவிட்டாலும் கண்ணீரும் எச்சிலும் வற்றுவதில்லை. வீக்கம் வருகிறது, வடிகிறது, மறுபடி வருகிறது. பத்து, இருபது ஆண்டுகள் கழித்துத்தான் வறட்சி தலைகாட்டும். அதனால் ஒரு குழந்தையிடம் வறட்சியைத் தேடிவிட்டு, இல்லை என்றதும் நோயும் இல்லை என்று அனுப்பிவிடுவது, நோய் முற்றிய பிறகு வா என்று சொல்வதற்குச் சமம். இந்தக் கட்டுரையில் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதைத்தான்.

ஆய்வுகளும் இதையே காட்டுகின்றன. 2003இல் சிமாஸ் என்ற மருத்துவரின் குழுவினர் 18 வயதுக்குள் தொடங்கிய 40 ஷோக்ரென் நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்ட ஆய்வில், மிக அதிகமாகக் காணப்பட்ட அறிகுறி கன்னச் சுரப்பி மீண்டும் மீண்டும் வீங்கியதே. பெரும்பாலோர் சிறுமிகள். 2021இல் பல நாட்டு மருத்துவமனைகள் சேர்ந்து 300 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டன. குழந்தை மூட்டுவாத மருத்துவர்கள் ஷோக்ரென் நோய் என்று முடிவுசெய்து சிகிச்சை தந்துகொண்டிருந்த பிள்ளைகள் அவர்கள். பெரியவர்களுக்கான 2016ஆம் ஆண்டு அளவுகோலை அவர்கள்மேல் வைத்துப் பார்த்தபோது ஏறத்தாழ கால்வாசிப் பேரே தேறினார்கள். மீதி முக்கால்வாசிப் பேருக்கு நோய் இல்லை என்று சொல்ல முடியாது. அந்த அளவுகோல் கேட்கும் ஐந்து சோதனைகளும் முழுதாகச் செய்யப்பட்ட குழந்தைகள் மிகச் சிலரே என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது.

அந்த அளவுகோலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ரத்தத்தில் ரோ எதிர்ப்பொருள் இருந்தால் 3 புள்ளி. உதட்டுச் சிறு சுரப்பியின் திசுவில் குறிப்பிட்ட அளவு லிம்போசைட் கொத்துகள் இருந்தால் 3 புள்ளி. கண்ணின் மேற்பரப்பில் சாயம் பிடிக்கும் சிதைவுக்கு 1, கண்ணீர் அளவு குறைவுக்கு 1, எச்சில் ஊறும் வேகம் குறைவுக்கு 1. மொத்தம் 4 வந்தால் ஷோக்ரென். இப்போது ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை எண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு கன்னமும் நான்கு முறை வீங்கி வடிந்திருக்கிறது. ரோ எதிர்ப்பொருள் வலுவாக இருக்கிறது. கண்ணின் மேற்பரப்பும் கண்ணீரும் எச்சிலும் இயல்பு. அவளுக்கு 3 புள்ளிதான். உதட்டிலிருந்து திசு எடுத்தாலொழிய அவள் நான்கை எட்டவே முடியாது. நான்கு முறை வந்த வீக்கத்துக்கு இந்தப் பட்டியலில் ஒரு புள்ளிகூட இல்லை. சோதிக்கத் தொடங்குவதற்கான காரணமாக மட்டுமே அது ஏற்கப்படுகிறது. இந்த அளவுகோல் ஆராய்ச்சிக்கு ஒரே மாதிரியான நோயாளிகளைச் சேர்ப்பதற்காக எழுதப்பட்டது. ஒரு பிள்ளைக்குச் சிகிச்சை தருவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் தராசாக அதை எழுதியவர்கள் நினைக்கவில்லை. 1999இலேயே செக் நாட்டு மருத்துவர்கள் குழந்தைகளுக்கெனத் தனி அளவுகோல் ஒன்றை முன்வைத்து, கன்னச் சுரப்பி வீக்கத்துக்கு அதில் இடம் கொடுத்தார்கள். அது பரவலாக ஏற்கப்படவில்லை.

சோதனைகள் ஒவ்வொன்றும் குழந்தையிடம் எப்படி நடக்கின்றன என்பதையும் பார்த்துவிட வேண்டும். கண்ணீர் அளக்கும் ஷிர்மர் சோதனையில் 5 மில்லிமீட்டர் அகலமுள்ள வடிதாள் பட்டையைக் கீழிமைக்குள் மடித்துச் செருகி 5 நிமிடம் வைப்பார்கள். 5 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் குறைவாக நனைந்தால் குறை. ஆறு வயதுப் பிள்ளை பட்டையைக் கண்டதுமே அழத் தொடங்கும். அழுத கண்ணீரில் பட்டை முழுதும் நனைந்துவிடும். முடிவு இயல்பு என்று சீட்டில் ஏறும். எச்சில் சோதனையில் கொஞ்ச நேரம் எதையும் மெல்லாமல், விழுங்காமல் கிண்ணத்தில் எச்சிலை வடியவிட வேண்டும், நிமிடத்துக்கு 0.1 மில்லிலிட்டர்தான் எல்லை. அந்த எல்லை பெரியவர்களின் சுரப்பியை அளந்து வைத்தது. அதற்கு மேலே இருக்கும் ஒரு சிறுமி, தன் வயதுக்கு உரியதைவிடக் குறைவாகவே சுரக்கலாம்.

வறட்சி இருந்தாலும் பிள்ளைகள் அதைச் சொல்வதில்லை. நினைவு தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான் இருக்கிறது என்றால், இயல்பு எது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? "வாய் உலர்கிறதா?" என்ற கேள்விக்குத் தலையாட்டலே பதில். கேட்க வேண்டியவை வேறு. பொரி, ரஸ்க், முறுக்கைத் தண்ணீர் குடிக்காமல் தின்ன முடிகிறதா? சோற்றை ரசமோ மோரோ விட்டுக் கரைத்தால்தான் இறங்குகிறதா? இரவில் எழுந்து தண்ணீர் கேட்கிறாளா? கண்ணில் மண் விழுந்ததுபோல் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளா? பல்லையும் பார்க்க வேண்டும். சாக்லேட் தின்னாத பிள்ளைக்கு ஈறோரத்தில் வரிசையாகச் சொத்தை விழுந்தால், அமிலத்தை ஆற்றிப் பல்லைக் காக்கும் எச்சில் போதவில்லையோ என்று ஐயப்பட வேண்டும். இந்த நோயை முதலில் கண்டுபிடிக்க வாய்ப்புள்ளவர்களில் ஊர்ப் பல் மருத்துவரும் ஒருவர். அவரிடம் இந்தச் செய்தி போய்ச் சேரவில்லை என்பது என் கவலை.

இனிப் பரிசோதனை மேசைக்கு வருவோம். கன்னச் சுரப்பி காதுக்கு முன்னும் கீழும் தாடை மூலையைத் தழுவியபடி கிடக்கிறது. அது வீங்கினால் காது மடல் மேலும் வெளியுமாகத் தள்ளப்படும். தாடை எலும்பின் கோணம் கைக்குத் தட்டுப்படாமல் மறைந்துபோகும். கழுத்து நெறிகட்டி என்றால் அந்தக் கோணம் தெரியும். பிறகு வாயைத் திறக்கச் சொல்லி, மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தில் பார்த்தால் சிறு புடைப்பு ஒன்று தெரியும். அதுதான் சுரப்பிக் குழாயின் வாய். 1660இல் நீல்ஸ் ஸ்டென்சன் ஆம்ஸ்டர்டாமில் ஆட்டுத் தலையை அறுத்தபோது கண்டறிந்த குழாய். அந்தப் புடைப்பைத் துடைத்துவிட்டு, வெளியே சுரப்பியைப் பின்னாலிருந்து முன்னாக மெல்ல அழுத்த வேண்டும். சீழ் வந்தால் பாக்டீரியாத் தொற்று. தெளிந்த நீரோ, மெல்லிய திப்பிகள் மிதக்கும் நீரோ வந்தால் சிந்தனை வேறு பக்கம் போக வேண்டும். இதற்கு ஒரு டார்ச்சும் கையுறையும் போதும். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவிலும் இதைச் செய்துவிடலாம்.

திரும்பத் திரும்ப வீங்கும் எல்லாக் கன்னமும் ஷோக்ரென் அல்ல என்பதையும் உடனே சொல்லிவிட வேண்டும். பொன்னுக்கு வீங்கியை விட்டால் குழந்தைகளில் அதிகம் காணும் உமிழ்நீர்ச் சுரப்பி அழற்சி, சிறார் தொடர் கன்னச்சுரப்பி அழற்சி எனப்படும் நோய். பொதுவாக 3 முதல் 6 வயதுக்குள் தொடங்கும். சிறுவர்களுக்குச் சற்று அதிகம். பெரும்பாலும் ஒருபக்கமாகவோ மாறி மாறியோ வலியோடு வீங்கும். பூப்பெய்தும் வயது நெருங்கும்போது தானே அடங்கிவிடும். ஷோக்ரென் சிறுமிகளையே அதிகம் பிடிக்கிறது, பெரும்பாலும் சற்றுப் பிந்திய வயதில் தொடங்குகிறது, இருபுறமும் வீங்குவது மிகுதி, பருவம் வந்தும் ஓய்வதில்லை. காகிதத்தில் இந்த வேறுபாடு தெளிவாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட பிள்ளையின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது. எனவே இரண்டாம் முறை வீங்கிய எந்தக் குழந்தைக்கும், சிறுமிகளுக்குக் கட்டாயமாகவும், ரத்தத்தில் எதிர்ப்பொருள்களைத் தேடிப் பார்த்துவிடுவதே நேர்மையான வழி என்று நினைக்கிறேன்.

வேறு காரணங்களும் உண்டு. தாயிடமிருந்து எச்ஐவி பெற்ற குழந்தைக்குக் கன்னச் சுரப்பி காரணமின்றி வீங்கியே இருப்பதை உலகச் சுகாதார நிறுவனம் அந்த நோயின் இரண்டாம் நிலை அறிகுறிகளில் ஒன்றாக வைத்திருக்கிறது. எச்ஐவி சோதனையைத் தயங்காமல் கேட்டுச் செய்துவிட வேண்டும். காசநோய், சார்காய்டோசிஸ், ரத்தப் புற்று, ஐஜிஜி4 நோய், பிறவி நோயெதிர்ப்புக் குறைபாடு ஆகியவையும் பட்டியலில் இருக்கின்றன. வளரிளம் பெண்ணுக்கு வலியில்லாத இருபக்க வீக்கம் என்றால், சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கம் இருக்கிறதா என்று அன்போடு விசாரிக்கவும் வேண்டும்.

ரத்தச் சோதனைகளில் விலை குறைந்தவையே முதல் துப்பைத் தந்துவிடும். அழற்சியைக் காட்டும் இரண்டு சோதனைகளில் இஎஸ்ஆர் எகிறியிருக்கும், சிஆர்பி இயல்பாகவே இருக்கும். கல்லீரல் சோதனைத் தாளில் ஆல்புமினைவிடக் குளோபுலின் அதிகமாக, விகிதம் தலைகீழாகக் கிடக்கும். அது கல்லீரலைப் பற்றிய செய்தி அல்ல, அளவுக்கு மீறி ஊறும் எதிர்ப்பொருள்களைப் பற்றியது. கல்லீரல் நொதிகள் சரியாக இருப்பதால் அந்த வரியை யாரும் பார்ப்பதில்லை. அமைலேஸ் அதிகமாக இருந்தால் சுரப்பி அழற்சி என்று மட்டும் தெரியும். பொன்னுக்கு வீங்கியிலும் அது ஏறும் என்பதால் நோயைப் பிரித்துச் சொல்லாது. உடலின் சொந்தச் செல் உட்கருவுக்கு எதிரான எதிர்ப்பொருள்களை ஏஎன்ஏ சோதனை பலரிடம் தெளிவாகக் காட்டிவிடும். ஆனால் ஏஎன்ஏ இல்லை என்று வந்ததும் கோப்பை மூடிவிடக் கூடாது. வழக்கமான ஏஎன்ஏ முறையில் ரோ எதிர்ப்பொருள் சில நேரம் தப்பிவிடும். ரோ, லா, முடக்குவாதக் காரணி, ஐஜிஜி அளவு ஆகியவற்றைப் பெயர் சொல்லித் தனியே கேட்க வேண்டும். ரத்தம் முழுதும் சுத்தமாக இருந்தும் உதட்டுத் திசுவில் நோய் இருக்கும் பிள்ளைகளும் உண்டு.

அல்ட்ராசவுண்ட் இந்த நோயில் குழந்தைகளுக்குக் கிடைத்த வரப்பிரசாதம் என்பேன். ஊசியில்லை, கதிர்வீச்சில்லை, மடியில் உட்காரவைத்தே பார்த்துவிடலாம், மாவட்டத் தலைநகரங்களிலெல்லாம் கருவி இருக்கிறது. இயல்பான சுரப்பி திரையில் ஒரே சீரான சாம்பல் நிறத்தில் தெரியும். நோயுற்ற சுரப்பியில் கரிய, நீள்வட்டப் புள்ளிகள் சிதறிக் கிடக்கும். 2019இல் பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று இதை 0 முதல் 3 வரை தரம் பிரித்தது. சிறார் தொடர் அழற்சியிலும் இத்தகைய புள்ளிகள் தோன்றலாம் என்பது இதன் குறை. கன்னச் சுரப்பி இரண்டோடு தாடைக்கீழ்ச் சுரப்பி இரண்டையும் சேர்த்துப் பார்த்து, நான்கிலும் மாற்றம் இருந்தால் ஷோக்ரென் என்ற ஐயம் வலுக்கும். கழுத்து ஸ்கேன் எழுதிக் கொடுக்கும்போது இந்த நான்கு சுரப்பிகளையும் குறிப்பிட்டு எழுதாவிட்டால் பலர் தைராய்டைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள்.

கடைசியாக உதட்டுத் திசு. பெற்றோர் மிரளுவது இதற்குத்தான். கீழுதட்டை வெளியே மடக்கி, மரத்துப்போக ஊசி போட்டு, உட்புறத்தில் சிறிய கீறல் ஒன்றைக் கீறி, அங்கே பதிந்திருக்கும் ஓரிரு மில்லிமீட்டர் சுரப்பிகளில் நான்கைந்தை எடுப்பார்கள். ஒன்றிரண்டு தையல். சிலருக்கு அந்த இடம் கொஞ்ச நாள் மரத்திருக்கும். சற்று வளர்ந்த பிள்ளைக்கு முழு மயக்கம் தேவைப்படுவதில்லை. எடுத்த திசுவில் 50 அல்லது அதற்கு மேற்பட்ட லிம்போசைட்டுகள் ஒன்றாய்த் திரண்டிருந்தால் அது ஒரு கொத்து. 4 சதுர மில்லிமீட்டர் பரப்புக்கு ஒரு கொத்தாவது இருந்தால் பெரியவர்களின் எல்லையை எட்டியாயிற்று. நோய்க்கூறியல் அறிக்கையில் "நாட்பட்ட அழற்சி" என்ற இரண்டு சொல்லோடு நிறுத்திவிட்டால் பயனில்லை. எண்ணிச் சொல்ல வேண்டும். குழந்தையின் சுரப்பியில் அழற்சி இளையதாக இருப்பதால், ஒன்றுக்குக் குறைவான எண்ணிக்கையையும் பொருட்படுத்த வேண்டும் என்று குழந்தை மூட்டுவாத வல்லுநர்கள் பலர் வாதிடுகிறார்கள். அந்த வாதம் சரியென்றே எனக்கும் படுகிறது.

சில பிள்ளைகளுக்குக் கன்னம் வீங்குவதே இல்லை. நோய் வேறு வாசல் வழியாக வருகிறது. அவற்றுள் சிறுநீரக வாசலைப் பற்றி நம் ஊரில் விரிவாகப் பேச வேண்டும். நேற்று வரை ஓடியாடிய பெண் ஒரு நாள் காலையில் படுக்கையிலிருந்து எழ முடியாமல் கிடக்கிறாள். கால் அசையவில்லை; கையும் தளர்ந்திருக்கிறது. பக்கவாதமோ, நரம்பு அழற்சியோ என்று பதறி ஓடுகிறார்கள். ரத்தத்தில் பொட்டாசியம் 3.5க்கு மேல் இருக்க வேண்டியது 2க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பொட்டாசியம் ஏற்றியதும் மாலைக்குள் கால் அசைகிறது, இரண்டு நாளில் நடந்து வீட்டுக்குப் போகிறாள். பலரின் கதை இங்கேயே முடிந்துவிடுகிறது, அடுத்த முறை விழும்வரை. பொட்டாசியம் ஏன் குறைந்தது என்று கேட்டிருந்தால், ரத்தத்தில் பைகார்பனேட்டும் குறைந்திருப்பது தெரியும். ரத்தம் அமிலமாக இருந்தும் சிறுநீரின் பிஎச் 5.5க்குக் கீழே இறங்காமல் நிற்பது தெரியும். சிறுநீரக நுண்குழாய்கள் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் பொட்டாசியத்தை இழந்துகொண்டிருக்கின்றன. அந்த நுண்குழாய்களையும் எபிதீலியச் செல்களே வேய்ந்திருக்கின்றன. லிம்போசைட்டுகள் அங்கும் போய்க் குடியேறிவிட்டன. எலும்பு மெலிவதும் சிறுநீரகத்தில் சுண்ணாம்பு படிவதும் இதன் அடுத்த கட்டம். இப்படிக் கைகால் விழுந்து, பிறகு ஷோக்ரென் என்று கண்டறியப்பட்டவர்களைப் பற்றிய அறிக்கைகள் இந்திய மருத்துவ இதழ்களில் நிறையவே வந்திருக்கின்றன.

மற்ற வாசல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நீண்ட நேரம் நின்றால் கணுக்காலில் செம்புள்ளிகள் தோன்றி, கரும்பழுப்புத் தழும்பாய் மங்குவது. காரணம் தெரியாத காய்ச்சலும் மூட்டுவலியும். பார்வை நரம்பு அழற்சி, தண்டுவட அழற்சி. வளரிளம் பருவத்தினர் சிலருக்கு மனக்குழப்பமும் பிரமையுமே முதலில் தோன்றியதாக வந்த அறிக்கைகளும் உண்டு. வீட்டில் யாருக்காவது தைராய்டு, லூபஸ், முடக்குவாதம் இருந்தால் ஐயத்துக்கு இன்னும் வலுச் சேரும்.

சீக்கிரம் கண்டுபிடித்து என்ன ஆகப்போகிறது, மருந்துதான் இல்லையே என்று கேட்பவர்கள் உண்டு. நோயை வேரறுக்கும் மருந்து இல்லை என்பது உண்மை. ஆனால் பல்லைக் காக்க முடியும்: புளோரைடு பூச்சும் அடிக்கடிப் பல் பரிசோதனையும் உதவும். கண்ணைக் காக்க முடியும். சிறுநீரகத்தைக் கண்காணிக்க முடியும். மூட்டுவலிக்கும் சோர்வுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பரவலாகத் தரப்படுகிறது. அதை எடுப்பவர்கள் விழித்திரையைக் குறித்த காலத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். உள்ளுறுப்புகள் தாக்கப்பட்டால் ஸ்டீராய்டு, ரிட்டுக்சிமாப் என்று வலுவான மருந்துகள் இருக்கின்றன. பெரியவர்களில் இந்த நோய் நிணநீர்ப் புற்றாக மாறும் வாய்ப்பு பொதுமக்களைவிடப் பன்மடங்கு என்று 1978இலேயே அமெரிக்க ஆய்வொன்று காட்டியது. குழந்தைகளில் அது மிக அரிது, ஆனால் கன்னச் சுரப்பியில் அத்தகைய புற்று கண்டறியப்பட்ட பிள்ளைகளும் உண்டு. வீங்கிய சுரப்பி வடியாமல் கெட்டியாகவே நின்றுவிட்டால் அதைத் தேடிப் பார்க்க வேண்டும்.

இன்னொன்றைப் பெண்பிள்ளைகளின் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ரோ எதிர்ப்பொருள் உள்ள பெண் தாயாகும்போது அது நச்சுக்கொடி வழியே கருவுக்குள் போகிறது. இத்தகைய கருத்தரிப்புகளில் நூற்றுக்கு ஒன்று, இரண்டில் சிசுவின் இதயத் துடிப்புக் கடத்தல் தடைபடுகிறது. பெரும்பாலும் கருவுற்ற 18 முதல் 24 வாரத்துக்குள் இது நேர்கிறது. முன்பே தெரிந்திருந்தால் அந்த வாரங்களில் சிசுவின் இதயத்துக்கு எதிரொலிச் சோதனை செய்து கவனிக்கலாம். முதல் குழந்தைக்கு இப்படி நேர்ந்தவர்கள் அடுத்த கருத்தரிப்பின் தொடக்கத்திலிருந்தே ஹைட்ராக்சிகுளோரோகுயின் எடுத்தால் மறுபடி நேரும் வாய்ப்பு பாதிக்கும் கீழாகக் குறைவதை 2020இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. இதையெல்லாம் ஒன்பது வயதுக் குழந்தையிடம் சொல்லிப் பயமுறுத்த வேண்டியதில்லை. அவள் கோப்பில் எழுதியிருக்க வேண்டும். பருவம் வந்ததும் அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

குழந்தை மூட்டுவாத வல்லுநர்கள் இன்னும் பெரிய நகரங்களில்தான் இருக்கிறார்கள். அவர்களிடம் போய்ச் சேர்வதற்கு முன்பே பெற்றோரால் ஒன்று செய்ய முடியும். கன்னம் வீங்கும் ஒவ்வொரு முறையும் நேர்முகமாக ஒரு படமும் பக்கவாட்டில் ஒரு படமும் கைபேசியில் எடுத்து வையுங்கள். தேதி, எந்தப் பக்கம், காய்ச்சல் இருந்ததா, எத்தனை நாளில் வடிந்தது என்று ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் வீக்கம் இல்லாமலிருந்தாலும் அந்தப் படங்கள் பேசும். இரண்டாம் முறை வீங்கினால், இது மறுபடியும் பொன்னுக்கு வீங்கியாக இருக்குமா என்று அவரிடம் கேளுங்கள்; ரோ, லா சோதனையும் நான்கு சுரப்பிகளின் ஸ்கேனும் எடுக்கலாமா என்றும் கேளுங்கள். பதில் எதுவாக இருந்தாலும் அது எத்தனையாவது வீக்கம் என்பதைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள்.